ஆயிரம் மேடம்

மலை ஆமைப் பாதுகாப்பு நிலையம் எங்கே என்று கேட்டால் அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆயிரம் மேடம் ஆபீஸ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே திசையில் கையைக் காட்டுவார்கள். வாசலில் நீளமாக ஒரு பலகை இருக்கத்தான் இருக்கிறது. அதைப் படிக்கிற அளவுக்கு அந்தச் சாலையில் எந்த வண்டியும் மெதுவாகப் போவதில்லை.

ஆயிரம் என்கிற பெயர் சும்மா வரவில்லை. மேடம் அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக வந்த புதிதில், மலையில் ஆமைகள் அருகிக்கொண்டே போகின்றன என்பது மேலிடத்துக்கு ஒருவழியாக உறைத்திருந்தது. உறைத்தால் என்ன செய்வார்கள், கூட்டம் போடுவார்கள். போட்டார்கள். ஆளாளுக்கு வளவளவென்று பேசி முடித்த பிறகு, "சரிங்க, இலக்கு என்ன? ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார் தலைவர். எல்லாரும் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டினார்கள். கடைசி நாற்காலியில் இருந்த மேடம் எழுந்து, "முட்டையெல்லாம் நரியும் உடும்பும் தின்னுட்டுப் போகுது சார். நாமளே எடுத்துப் பொரிச்சு, ஓடு கெட்டியாகிற வரைக்கும் வளர்த்து, மலையில ஆயிரம் விடுவோம்" என்றார். அந்த நம்பரை எல்லாரும் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். ஆயிரம் என்றால் சொல்லவும் நன்றாக இருக்கிறது, துணியில் எழுதிக் கட்டவும் நன்றாக இருக்கிறது.

அதை நிறைவேற்ற ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று. மேடத்தின் தலைமுடி வெளுத்தது அந்தக் கட்டடத்தில்தான். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து, பாதியிலேயே நின்று, பிறகு வருவதும் நின்றுபோனது. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு மேசை. கீழே தம்பியும் தம்பி மனைவியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பியை முட்டைப் பொரிப்பறை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் மேடம்தான். அதற்கு முன்னால் அவன் ஓர் ஐஸ் பெட்டி கம்பெனியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, அவன் அந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பான், எடுத்த மேனிக்கே மணலில் இறக்க வேண்டும் என்பதற்காக. குஞ்சு வெளியே வந்தால் மூன்று வருடம் தொட்டியில் வளர்ப்பான். பிறகு ஓட்டின் ஓரத்தில் அரத்தால் சின்னதாக ஓர் அடையாளம் ராவி, தானே சுமந்துகொண்டு போய் மலையில் விட்டுவிட்டு, கை ஒடிந்தவன் மாதிரி கீழே இறங்கி வருவான். ஊரில் அவனுக்கு ஆமையப்பன் என்று பெயர். "எத்தனை பிள்ளைங்கப்பா?" என்று யாராவது சீண்டினால், "இதுவரைக்கும் எழுநூத்துச் சொச்சம், மேல வந்துட்டே இருக்கு" என்பான். அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள்.

முதல் வருடம் மட்டும் பெரிய அடி. முட்டைப் பெட்டிகளை வைத்த முன்னறைக்குத் தகரக் கூரை. கோடையில் அத்தனை முட்டையும் வெந்துபோயிற்று. தம்பி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேடம் பெட்டிகளை எல்லாம் பின்னறைக்கு மாற்றச் சொன்னார். கனத்த சுவர், சிமெண்டுத் தரை. "மணல் காயவே கூடாதுடா. மத்தியானம் பெட்டியைச் சுத்தித் தண்ணி தெளிச்சிடு" என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அடுத்த வருடம் கெட்டுப்போன முட்டைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேலிடம் நிலையத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

அந்த அறையில் மேடம் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினார். ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண், நடுவில் இருந்தால் இரண்டும் கலந்து வரும். இது மேடத்துக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதித் தேறியவர். தெரிந்ததால்தான் தெர்மாமீட்டரே வந்தது. கதவைத் திறந்து திறந்து மூடினால் அறை கலைந்துவிடும் என்று, வெளியில் நின்றபடியே கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி ஜன்னலை ஒட்டி ஆணி அடித்து மாட்டினார். காலையும் மாலையும் பார்ப்பார். இருக்க வேண்டிய அளவில் இருக்கும். நிம்மதியாகப் போய்விடுவார்.

அவர் இன்னொரு விதியும் வைத்திருந்தார். மலையில் எந்த ஆமையையும் யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. வெயில் காலத்தில் ஆமை உடம்புக்குள் சேர்த்து வைத்திருக்கிற தண்ணீரை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. புரட்டினால் பயந்துபோய் அத்தனையையும் பெய்துவிடும். அப்புறம் மழை வரும்வரை தாங்காது. நல்ல விதிதான், யாரும் குறை சொல்ல முடியாது. புதிதாக ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பையன் ஆசையாகப் புரட்டப் போனபோது மேடம் விட்ட சத்தத்தில் அவன் அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டான். எண்ணுகிறவர்கள் ஓட்டின் ஓரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு போனார்கள். இலக்கில் எத்தனை என்று மட்டும்தானே இருந்தது.

ஆயிரமாவது ஆமையை விட்டாயிற்று. விழாவுக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கே அடுத்த இலக்கையும் முடிவு செய்வதாகப் பேச்சு. அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு வேண்டும் என்று, மழை விட்ட ஒரு காலையில் மேடமும் தம்பியும் மலை ஏறினார்கள். மழைக்குப் பிறகு ஆமைகள் எல்லாம் மேய வெளியே வரும். தம்பிக்குக் கொண்டாட்டம். புதருக்குப் புதர் குனிந்து, "அக்கா, இது நம்ம பிள்ளை. அந்தா, அதுவும் நம்ம பிள்ளை" என்று காட்டிக்கொண்டே போனான். விட்டதில் முக்கால்வாசி செத்திருக்கும், அது எதிர்பார்த்ததுதான். மிஞ்சியவை நன்றாக வளர்ந்திருந்தன.

பாறைச் சரிவுக்குக் கீழே மச்சக்காரியைப் பார்த்தார்கள். மேடம் வருவதற்கு முன்பிருந்தே மலையில் இருக்கிற பெண் ஆமை அது. முதுகில் ஒரு கறுப்புத் திட்டு உண்டு, அதனால் அந்தப் பெயர். காட்டுத்தீயிலும் தப்பியது, ஜீப் சக்கரத்திலும் தப்பியது. முதல் பெட்டியில் வைத்த முட்டைகளே அதனுடையவைதான். இப்போது அதைச் சுற்றி நாலு ஆமைகள். ஒன்று பின்னாலிருந்து ஏறப் பார்த்தது. ஒன்று பக்கவாட்டில் வந்து ஓட்டால் டொக் டொக் என்று இடித்தது. இன்னொன்று முன்னங்காலைக் கடித்துப் பிடித்திருந்தது. மச்சக்காரி ஓரடி நகர்வதற்குள் மறுபடி மறித்தன. பின்பக்கத்துத் தோல் கிழிந்து ஈ மொய்த்தது. வாயருகே பச்சைப் புல் இருந்தும் அது ஒரு கடிகூடக் கடிக்கவில்லை.

நாலு ஓடுகளின் ஓரத்திலும் தம்பியின் அரம் போட்ட அடையாளம் இருந்தது.

மேடம் குனிந்து, கடித்துக்கொண்டிருந்ததைப் பிடித்துத் தூக்கிப் புரட்டினார்.

"அக்கா, புரட்டக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"மழை பெஞ்சிருக்குடா. தாங்கும்."

வால் நீண்டு தடித்திருந்தது. வயிற்று ஓடு உள்ளே குழிந்திருந்தது. ஆண். அடுத்ததும் ஆண். நாலும் ஆண். சரி, ஒரு பெண்ணைத் துரத்துகிறவை ஆணாகத்தானே இருக்கும் என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதர்ப் பக்கம் வந்து தனியாக மேய்ந்துகொண்டிருந்த ஒன்றைப் புரட்டினார். ஆண். "இதுவும் பையனா?" என்று தம்பி சிரித்தான். அடுத்ததற்கும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. மத்தியானம் வரை மேடம் கண்ணில் பட்டதை எல்லாம் புரட்டினார். தம்பி விட்டு வளர்ந்த ஆமைகளில் பெண் ஒன்றுகூட இல்லை. குஞ்சு வெளியே வந்ததிலிருந்து வால் நீண்டு வயிறு குழிவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும், அதுவரை வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் வெட்ட வெளிச்சம். கணக்கெடுத்ததில் மலையில் பழைய பெண்கள் பதிமூன்றுதான் மிச்சம். மச்சக்காரியைப் போலவே மற்றவற்றின் பின்பக்கமும் ரணமாகக் கிடந்தது.

இறங்கி வந்ததும் மேடம் நேராகப் பின்னறைக்குப் போனார். ஜன்னலோரத் தெர்மாமீட்டரைக் கழற்றி, ஒரு பெட்டியின் மணலுக்குள் செருகிவிட்டு உட்கார்ந்தார். எடுத்துப் பார்த்தபோது கோடு ஆணுக்கான அளவில் நின்றிருந்தது. ஜன்னல் பக்கத்துச் சுவர் மேற்கு வெயில் பட்டு, விடிந்தும் சூடு ஆறாத சுவர். இருபது வருடமாக அவர் படித்தது சுவரின் சூட்டை. தரையில், ஈர மணலுக்குள், முட்டைகள் குளிர்ந்து கிடந்திருக்கின்றன. குளிர்ந்து கிடந்ததால்தான் ஒன்றும் கெடவில்லை. கெடாததால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்துத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் சுவரில் சாய்ந்து நின்றபடி கேட்டான். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"தண்ணி நான்தானே தெளிச்சேன்" என்றான் கடைசியில்.

"நான் சொல்லித்தானே தெளிச்ச."

"தினமும் தெளிச்சேன்க்கா. ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்ல."

தம்பி மனைவிக்குக் கோபம் வந்தது. "அண்ணி, நாளன்னைக்கு இவருக்கு மேடையில கேடயம் குடுக்கறாங்க. ஜென்மத்துக்கும் ஒரு நாள். விழா முடிஞ்சு சொல்லக் கூடாதா? நீங்களும் இந்த வருஷத்தோட ரிட்டயர்டு ஆகப் போறீங்க. சும்மா இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"அன்னைக்குத்தான் அடுத்த இலக்கு எழுதப் போறாங்கம்மா. நான் வாயைத் திறக்கலன்னா ரெண்டாயிரம்னு எழுதுவாங்க."

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். சாப்பிடவும் வரவில்லை. மேடம் மாடியில் விழித்துக்கொண்டு கிடந்தார். தம்பி மனைவி சொன்னதில் அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

விழா மண்டபத்தில் பெரிய துணியில் ஆயிரம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கேடயம் மேசைமேல் பளபளத்தது. தலைவர் நல்ல மனுஷர், பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. பாராட்டி முடித்துவிட்டு, "அடுத்த இலக்கு ரெண்டாயிரம்னு வெச்சுக்கலாமா மேடம்?" என்று சிரித்தார். முன்வரிசையில் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில், தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மேடம் எழுந்து பூசி மெழுகாமல் சொன்னார். "நாங்க விட்டது எல்லாம் ஆண் சார். அறையில தெர்மாமீட்டரைத் தப்பான இடத்துல மாட்டினது நான். இப்ப அந்த ஆண்கள்தான் மிச்சம் இருக்கற பெண்களைச் சாகடிக்குது. திங்க விடல, முட்டை இட விடல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இனிமே பெண்ணாப் பொரிப்போம். ரெண்டாயிரம் பெண்."

"அது பெருசாகிப் பெண்ணுன்னு நாம பார்க்கவே பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகும் சார். முட்டை போட அதுக்கும் மேல. அதுக்குள்ள மலையில ஒண்ணும் இருக்காது. இலக்கு ஒண்ணே ஒண்ணுதான். பதிமூணு பெண் உயிரோட இருக்கணும். ஒண்ணுகூடக் குறையக் கூடாது. அதுக்கு நாங்க விட்ட ஆண்களை எல்லாம் மலையை விட்டு இறக்கணும்."

"மேடம், ஆயிரத்துக்கப்புறம் பதிமூணுன்னு எழுதினா மேல என்ன நினைப்பாங்க? இலக்குன்னா ஏறணும்."

"ஏறுறதுக்கு அதுங்க இருக்கணுமே சார்."

அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் பதிமூன்று என்றே எழுதினார்கள், எழுதும்போது தலைவரின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கேடயத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் தட்டவில்லை. அவன் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

ஆண்களை இறக்குகிற வேலைக்கு வேறு ஆள் போடுகிறேன் என்று மேடம் சொன்னார். தம்பி கேட்கவில்லை. தான் கொண்டுபோய் விட்ட இடம் ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். சாக்குப் பையோடு காலையில் ஏறுவான், மத்தியானம் இறங்குவான். பொரிப்பறையை ஒட்டிக் கல்சுவர் எழுப்பி உள்ளே விட்டார்கள். உள்ளே பெண் இல்லாததால் அவை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. டொக், டொக், டொக். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதே சத்தம். டீக்கடைக்காரர்கூட, "ஆமையப்பா, உன் பிள்ளைங்க ஏன் இப்படிச் சண்டை போடுது?" என்று கேட்டார். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

ஒரு நாள் அவன் பையில் மூன்று ஆண்கள் இருந்தன. நான்காவதாக அவன் கையில் ஏந்திக்கொண்டு வந்தது மச்சக்காரியை. ஆண்கள் முட்டித் தள்ளியதில் சரிவிலிருந்து உருண்டு, மல்லாக்க விழுந்து, வெயிலில் புரள முடியாமல் செத்திருக்கிறது. தீயிலும் சக்கரத்திலும் தப்பியது. ஆபீஸ் மேசைமேல் வைத்துவிட்டு, "இந்த மூணும்தான்க்கா பக்கத்துல நின்னுச்சு" என்று பையைக் காட்டினான். கால்நடை டாக்டர் வந்து பார்த்து, செத்து அதிக நேரம் ஆகவில்லை, உள்ளே முட்டை இருக்கிறது என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். ஐந்து முட்டைகள்.

மேடம் தலைவருக்குப் போன் செய்தார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "விடுங்க மேடம். கையெழுத்து இன்னும் ஆகல. பன்னெண்டுன்னு மாத்திடறேன். உங்களுக்கும் கெட்ட பேர் வேண்டாம்."

"மாத்தாதீங்க சார். பதிமூணே இருக்கட்டும்."

"இருக்கறதே பன்னெண்டுதானே?"

"ஒண்ணு சாகச் சாக ஒண்ணு குறைச்சுட்டே வந்தா, கடைசியில சைபர்னு எழுதிட்டு அதையும் நிறைவேத்திட்டோம்னு சொல்லிடலாம். பதிமூணே இருக்கட்டும். மலைக்கு ஒண்ணு நாங்க குடுக்க வேண்டியிருக்கு."

போனை வைத்துவிட்டு, முட்டைகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு, மேடம் முன்னறைக்குப் போனார். தகரத்துக்கு மேல் கீற்று வேய்ந்து சூட்டைப் பதமாக்கியிருந்தார்கள். "வாடா, வந்து வை" என்று கூப்பிட்டார். "நான் இனிமே முட்டையைத் தொட மாட்டேன்" என்றான் தம்பி, வாசலிலேயே நின்றுகொண்டு. சரி என்று அவரே குழி பறித்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு முட்டையைக்கூடத் தன் கையால் வைத்ததில்லை. முதல் முட்டை விரலிலிருந்து வழுக்கி மணலில் உருண்டது.

"அக்கா."

அவன் உள்ளே வந்து அவரை ஓரமாக நகர்த்தினான். பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து ஐந்திலும் புள்ளி வைத்தான். ஒவ்வொன்றாக இறக்கி மணல் மூடினான். தெர்மாமீட்டரை வாங்கி, முட்டைகளுக்கு நடுவில், மணலுக்குள் ஆழமாகச் செருகினான். பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயில் கோடு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏறி, பெண்ணுக்கான அளவில் நின்றது.

"இது பொண்ணுதான்னு எப்பக்கா தெரியும்?"

"பத்துப் பன்னெண்டு வருஷம். நீ பாரு. நான் பார்ப்பேனான்னு தெரியல."

தம்பி தலையை ஆட்டினான். கல்சுவருக்கு அந்தப் பக்கம் ஆமைகள் டொக் டொக் என்று இடித்துக்கொண்டே இருந்தன.

"அப்பவும் பையனாப் போயிட்டா?" என்று கேட்டான். "மறுபடி கீழ இறக்கிக்கிட்டு வர என்னால ஆகாதுக்கா."

தம்பி மணலுக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்தான், எடுத்தான், மறுபடியும் விட்டுப் பார்த்தான்.